வெயிலையா குற்றம் சொல்வது?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல்)

எந்த நோய் வந்தாலும் அதற்கு ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லிவிடுவது நம் மக்களின் வழக்கம். பங்குனியில் அம்மை, சித்திரையில் சூட்டுக்கட்டி, ஐப்பசியில் காய்ச்சல், மார்கழியில் சளி என்று நம் பாட்டிமார்கள் நோய்களுக்கு ஒரு பஞ்சாங்கமே வைத்திருக்கிறார்கள். கல்லூரி வாசலை மிதித்த நாம் அதைக் கேட்டு நகைக்கிறோம். நகைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பஞ்சாங்கத்தில் பெரும்பகுதி உண்மை. ஆனால் ‘இது வெயிலின் வேலை, வெயில் தணிந்தால் தானே போய்விடும்’ என்று அதே பஞ்சாங்கத்தை நம்பிக் காத்திருந்தால், சில வேளைகளில் ஒரு பிள்ளையின் காலே போய்விடுகிறது. பிள்ளைகளின் எலும்பில் சீழ் வைக்கும் நோயைப் பற்றித்தான் கூறுகிறேன். ஆண்டு மலருக்கு இதுவா பொருள் என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நிலவையும் காதலையும் பாடும் கவிதைகள் இம்மலரில் எப்படியும் குறைவின்றி இருக்கும் என்ற துணிவில்தான் எலும்பைப் பற்றி எழுதுகிறேன்.

எலும்பில் சீழ் வைப்பதை மருத்துவ நூல்கள் ‘ஆஸ்டியோமைலிடிஸ்’ என்று கூறும். எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் அதில் கிருமி நுழைவது எவருக்கும் விளங்கும். பிள்ளைகளிடம் காணும் நோய் பெரும்பாலும் அத்தகையது அன்று. காலில் ஒரு கீறல்கூட இல்லாத பிள்ளைக்கு, உடம்பில் வேறெங்கோ நுழைந்த கிருமி இரத்தத்தோடு பயணம் செய்து, தொடையெலும்பின் முனையருகிலோ முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் முனையருகிலோ போய்த் தங்கிவிடுகிறது. ஏன் அந்த இடம்? எலும்பு நீளமாக வளர்வதற்கான தகடு அங்கேதான் இருக்கிறது. அதன் ஓரத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் கொண்டை ஊசியைப்போல் வளைந்து திரும்புகின்றன. வளைவில் இரத்தம் மெதுவாக நகர்கிறது. கிருமியை விழுங்கும் காவல் அணுக்களும் அங்கே குறைவு. வாய்க்கால் வளையும் இடத்தில் வண்டல் தங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தங்கிய கிருமி பெருகிச் சீழாகிறது. எலும்புக்குள் சீழ் விரிய இடம் ஏது? அழுத்தம் ஏறுகிறது, இரத்த ஓட்டம் நிற்கிறது, இரத்தம் பெறாத எலும்புத் துண்டு செத்து உள்ளேயே கிடக்கிறது. செத்த எலும்புக்குள் மருந்தும் செல்வதில்லை.

இந்நோய் காணும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளே மிகுதி. பெனிசிலினுக்கு முந்திய காலத்தில் ஐவரில் ஒருவராவது இதனால் இறந்தனர். பிழைத்தவர்களில் பலர் ஊன்றுகோலோடு பிழைத்தனர்.

இக்கிருமியின் பிறப்பிடத்தைத் தேடியவர்களுள் முன்னோடி லூயி பாஸ்டர். 1880ஆம் ஆண்டில் அவர் சாதாரணத் தோல் கட்டி ஒன்றின் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பின்னர் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் எலும்பில் சீழ் வைத்த சிறுமி ஒருத்திக்கு அறுவை நடந்தபோது அந்தச் சீழையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே வகைக் கிருமி! எலும்புச் சீழ்நோய் என்பது எலும்பு மஜ்ஜையில் வந்த கட்டியே என்று அவர் துணிந்து கூறினார். அதே காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், திராட்சைக் கொத்துப்போல் கூடியிருக்கும் அக்கிருமிக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். இன்றும் பிள்ளைகளின் எலும்பைத் தாக்குவதில் முதலிடம் அதற்கே. இத்தனைக்கும் அது எங்கோ காட்டில் வாழும் கிருமி அன்று. பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருடைய மூக்கில் யாதொரு தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பெஞ்சிலும் ஒருவர் அதற்கு வீடு கொடுத்திருக்கக்கூடும்.

எலும்பில் வந்த கட்டி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் பருவத்தின் பங்கு விளங்கத் தொடங்கும். வெயில் தோலைத் தாண்டி எலும்புக்குள் இறங்குவதில்லை. அது தோலில் கதவைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. மே 4ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ 25 நாட்கள் நீளும் அக்கினி நட்சத்திரத்தில் நம் பிள்ளைகளின் முதுகைப் பாருங்கள். வேர்க்குரு, அதைச் சொறிந்த புண், புண்ணில் அழுக்கு, பிறகு கட்டி. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மாதங்களில் தோல் கட்டிகள் மிகுவதைப் பல நாட்டு மருத்துவப் பதிவுகளும் காட்டுகின்றன. இதற்குச் சற்று முன்னதாகவே சின்னம்மை வந்துவிடுகிறது. சின்னம்மைக் கொப்புளத்தை நகத்தால் கிள்ளினால் அதன் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற மற்றொரு கிருமியும் இரத்தத்தில் நுழைந்து எலும்பு வரை போகும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. அம்மை கண்ட பிள்ளையின் உடம்பை நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் வருடிவிடும் நம் வழக்கத்தை இவ்விடத்தில் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. அத்தோடு பிள்ளையின் நகத்தையும் வெட்டிவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கோடையோடு பள்ளி விடுமுறையும் வருகிறது. மரம் ஏறுவதும், கிணற்றில் குதிப்பதும், வாடகைச் சைக்கிளில் விழுந்து எழுவதும் அப்போதுதான். எலும்பில் சீழ் வைத்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அண்மையில் அடிபட்டவர்களாக இருக்கிறார்கள். இது தற்செயலா? 1980களின் இறுதியில் முயல்களை வைத்துச் செய்த சோதனைகளில், எலும்பின் வளரும் தகட்டருகே அடிபட்ட இடத்தையே இரத்தத்தில் செலுத்திய கிருமி தேடிப் போய்த் தங்கியது தெரிந்தது. எனவே தோலில் ஒரு கட்டி, காலில் ஓர் அடி என்று இரண்டையும் ஒரே மாதத்தில் சேர்த்துக் கொடுப்பது கோடையின் வேலை எனலாம்.

மழைக்காலத்தின் வழி வேறு. நம் மாநிலம் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெறுகிறது. சேற்றுப்புண், முள், உடைந்த கண்ணாடி, வெறுங்கால்! ஈர மண்ணில் வாழ்ந்து மழைக்குப் பின் மனிதரைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற நோய்க் கிருமியும் தென்னிந்தியாவில் உண்டு. அதுவும் சில வேளை எலும்பைப் பற்றுகிறது. குளிர் நாடுகளில் இன்னொரு கதை. ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் தொண்டையில் கிங்கெல்லா என்ற கிருமி குடியிருக்கும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் சளிக்காய்ச்சல் வந்து தொண்டையின் மென்தோல் புண்ணாகும்போது அது இரத்தத்தில் நுழைந்து எலும்பையும் மூட்டையும் பிடிக்கிறது. இஸ்ரேலிலும் ஐரோப்பாவிலும் இதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். சாதாரண வளர்ப்பு முறையில் எளிதில் முளைக்காத கிருமியாதலால் நெடுங்காலம் இது கண்ணில் படாமலே இருந்தது.

நீலகிரிக்கும் இதில் ஓர் இடம் உண்டு. இந்தியாவில் அரிவாள் உயிரணுச் சோகை முதன்முதல் கண்டறியப்பட்டது அங்குள்ள பழங்குடி மக்களிடம்தான், ஆண்டு 1952. இச்சோகை உள்ள பிள்ளைக்குக் குளிர் தாக்கினாலோ உடலில் நீர் குறைந்தாலோ சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து எலும்பின் நுண்குழாய்களை அடைத்துவிடும். அடைபட்ட எலும்பில் டைஃபாய்டு இனத்தைச் சேர்ந்த சால்மொனெல்லா கிருமி தங்குவது எளிது. மலைக்குளிரை வெறும் இதமென்று எண்ணிப் போகும் நாம் இதையும் அறிந்திருப்பது நல்லது.

எந்தப் பருவத்தில் இந்நோய் மிகுதி என்று ஒரே சொல்லில் விடை கேட்டால், உலக ஆய்வுகள் ஒத்த விடை தரவில்லை என்றே கூற வேண்டும். சில நாடுகளில் கோடையின் இறுதியில் மிகுகிறது. சிறு குழந்தைகளிடம் குளிரில் மிகுகிறது. வேறு சில இடங்களில் மாதத்துக்கு மாதம் வேறுபாடே தெரியவில்லை. இதைக் கண்டு ‘பருவத்துக்குப் பங்கே இல்லை’ என்று முடிவு கட்டுவோரோடு நான் உடன்படவில்லை. கிளாஸ்கோவின் ஜனவரியும் நம் ஊர் ஜனவரியும் ஒன்றா? அங்கே பிள்ளைகள் கம்பளிக்குள் இருமிக்கொண்டிருக்கும்போது, இங்கே அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். மாதங்களை எண்ணுவதைவிட, அந்தந்த மாதத்தில் அந்தந்த ஊர்ப் பிள்ளையின் உடம்பில் எந்தக் கதவு திறக்கிறது என்று எண்ணினால் முரண்பாட்டில் பாதி தீர்ந்துவிடும்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். என் அத்தையின் பேரன். அப்போது எட்டு வயது. தந்தை கொத்தனார். பங்குனியில் பிள்ளைக்குச் சின்னம்மை கண்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் இரண்டு மூன்று புண்கள் ஆறாமல் நின்றன. விடுமுறை விட்ட மறுவாரம் சைக்கிளிலிருந்து விழுந்தான். பெரிய அடியில்லை; எழுந்து ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொட்டால் அலறுவான். காலைத் தரையில் ஊன்றவே மாட்டான். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றேன். “வெயிலு எலும்புல எறங்கிருச்சு தம்பி. நாலு நாளு எண்ணெய் வச்சு நீவுனா எடுத்துரும்” என்றார் அத்தை. அம்மை கண்ட வீடு, மருந்து ஆகாது என்ற எண்ணமும் இருந்தது. ஊரில் சுளுக்கு வழிக்கும் பெரியவர் மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவினார். நீவ நீவ வீக்கம் ஏறியது. ஆறாம் நாள் பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். “படத்தில் ஒன்றும் இல்லை, சதைப் பிடிப்புதான்” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் பிள்ளை நினைவு தப்பிப் பிதற்றியபோதுதான் மாவட்டத் தலைநகர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவே அறுவை. செத்த எலும்பை எடுக்க மறுபடி ஓர் அறுவை. உயிர் பிழைத்தான். வளரும் தகடு கெட்டுப்போனதால் அந்தக் கால் மற்றதைவிட இரண்டு விரற்கடை குட்டையாக நின்றுவிட்டது. இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக் கபடிப் போட்டிகளில் ஓரத்தில் அமர்ந்து புள்ளி எழுதுகிறான்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் அதற்கு ‘அந்த வருஷத்து வெயில்’ என்றே பெயர். எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! அம்மையும் ஆறாத புண்ணும் பருவத்தின் கணக்கில் சேரட்டும். சைக்கிளில் விழுந்ததைக்கூடப் பாதி சேர்த்துக்கொள்ளலாம். எண்ணெய் போட்டு நீவிய மூன்று நாளையும், படத்தை நம்பி வீணான மூன்று நாளையும் எந்த மாதத்தின் கணக்கில் எழுதுவது?

அந்த எக்ஸ்-ரே பற்றி ஒரு சொல். எலும்புச் சீழ்நோயில் முதல் பத்துப் பதினான்கு நாட்களுக்கு எக்ஸ்-ரே படம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எலும்பு கணிசமாக அரிக்கப்பட்ட பிறகுதான் படத்தில் நிழல் விழும். படத்தில் தெரியும்வரை காத்திருப்பது, கூரை விழுந்த பிறகு கரையானைத் தேடுவதற்கு ஒப்பாகும். இரத்தப் பரிசோதனையும், கிருமி வளர்ப்புச் சோதனையும், கிடைத்தால் எம்.ஆர்.ஐ. படமும் முன்கூட்டியே சொல்லிவிடும். அதற்கும் முன்னே சொல்வது பிள்ளையின் கால்தான். காய்ச்சலோடு ஒரு பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், வேறு காரணம் நிச்சயமாகும்வரை அது எலும்பு அல்லது மூட்டுச் சீழ் என்றே ஐயுற வேண்டும். அன்றே மருந்து தொடங்கினால் சில நாள் ஊசியும் அதன்பின் சில வாரம் மாத்திரையுமாகப் பெரும்பாலான பிள்ளைகள் முழுக் குணம் அடைந்து ஓடுகிறார்கள்.

நோயைக் கொடுத்ததாகப் பருவத்தைப் பழிப்பது போலவே, நோயைத் தீர்ப்பதாகப் பருவத்தைப் புகழ்ந்த காலமும் ஒன்று இருந்தது. காசநோய்க்கு நம் மொழியில் எலும்புருக்கி என்றும் பெயர். உடல் உருகி எலும்பாவதைக் குறித்த பெயராக இருக்கலாம். ஆனால் அந்நோய் பிள்ளைகளின் முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் உண்மையாகவே அரிக்கக்கூடியது. அத்தகைய பிள்ளைகளுக்காக 1903இல் சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் ஆகுஸ்ட் ரோலியே என்ற மருத்துவர் வெயில் சிகிச்சை தொடங்கினார். இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு பனிமலை நடுவே பிள்ளைகள் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் வெயில் காய்ந்தனர். நம் தாம்பரத்தில் 1928இல் சவுரிமுத்து என்ற மருத்துவர் நிறுவிய காசநோய் நிலையமும் நல்ல காற்று, நல்ல ஓய்வு என்ற அதே நம்பிக்கையில் எழுந்ததே. சானடோரியம் என்ற இரயில் நிலையப் பெயராக அது இன்றும் நிற்கிறது.

அந்த நம்பிக்கையை உரைத்துப் பார்த்ததும் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிமருந்து ஆய்வு மையம், நுரையீரல் காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரைச் சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் குறைந்த வீட்டு நோயாளிகளும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகக் குணமடைந்தனர். முதுகெலும்புக் காசநோய்க்கும் பிற்பாடு சென்னையில் ஆய்வு நடந்து, நோயாளியைப் படுக்கையோடு கட்டிப்போடாமல் நடமாட விட்டே மருந்தால் குணப்படுத்தலாம் என்று தெளிவாயிற்று. வெயிலில் உடல் தானே செய்துகொள்ளும் வைட்டமின் ‘டி’ உடலின் எதிர்ப்பாற்றலுக்கு உதவுவது உண்மைதான். எனினும் மங்கோலியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை மூன்றாண்டுகள் கொடுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் காசநோய்த் தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. சூரியனை நான் குறைத்துப் பேசவில்லை. அவனால் ஆகாத வேலையை அவன் தலையில் ஏற்ற வேண்டாம் என்கிறேன்.

இனி நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து முகாம் இடுகிறோம். சாலை போடுகிறோம், மரக்கன்று நடுகிறோம், மாலையில் நாடகம் போடுகிறோம். நட்ட கன்றுகளை மறு ஆண்டு எண்ணிப் பார்ப்பது யார் என்பது வேறு விஷயம். சென்ற முகாம் தை மாதத்தில் நடந்தது. அங்கே சுளுக்கு வழிக்கும் பெரியவர் ஒருவரை நானும் இரு நண்பர்களும் தேடிப் போய்ப் பேசினோம். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு அழுதால், நடந்து போகும் தூரத்தில் அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க இருப்பவர் அவர் ஒருவரே. காய்ச்சல் இருக்கும் பிள்ளையின் காலை மட்டும் நீவாமல் அனுப்பிவிடுங்கள் ஐயா என்று கேட்டோம். காரணத்தையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அனுப்பிடறேன் தம்பி. ஏழரைக்கு மேல பஸ் கிடையாதே, எதுல அனுப்ப?” என்றார். 108ஐப் பற்றிச் சொல்லி, அவர் வீட்டுத் திண்ணைச் சுவரில் கரியால் அந்த எண்ணை எழுதிவிட்டு வந்தோம்.

திட்ட அலுவலர் அவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். இவ்வாண்டு முகாமைத் தையில் வைக்காமல், அம்மையும் கட்டியும் தலைகாட்டும் மாசிக் கடைசியில் வைக்க வேண்டும். அரசு இலவசமாகத் தரும் காலணி எத்தனை பிள்ளைகளின் காலில் இருக்கிறது, எத்தனை வீட்டுப் பரணில் இருக்கிறது என்று பள்ளியில் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பாக, முகாமின் முதல் நாளே, அந்த ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சுளுக்கு வழிப்பவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்களைத் தேடிச் செல்ல மாணவர் குழு ஒன்றை அமைக்க வேண்டும். விலங்கியல் துறையில் இருந்து ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.